பல் வேருக்குள் வைத்த மருந்துக்கும் தவணை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நரம்பு எடுத்த பல் கொஞ்ச நாளில உக்கி உடைஞ்சு போகும், பேசாமல் பிடுங்கிறதுதான் நல்லது" என்ற பேச்சு திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் தொடக்கம் புல்மோட்டை வரை கேட்கிறது. அதில் பாதி பிழை, பாதி உண்மை. பிழையான பாதியை நம்பி, காப்பாற்றக்கூடிய பற்களைப் பிடுங்கக் கொடுக்கிறார்கள். உண்மையான பாதி விளங்காததால், காப்பாற்றிய பற்களும் சில வருடங்களில் முரசோடு முறிந்து வருகின்றன. கடிதம் நீண்டுவிட்டது. வெட்டத்தான் வேண்டுமென்றால் முற்பகுதியை வெட்டுங்கள், பிள்ளைகளைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நரம்பு போனதும் பல் காய்ந்து, தானாகவே நொறுங்கும் தன்மைக்கு வருகிறது என்பது பிழையான பாதி. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேர்ச் சிகிச்சை (நரம்பை எடுத்து வேரை நிரப்புவது) செய்த பல்லையும் அதே வாயில் மறுபக்கத்தில் உயிரோடிருந்த அதன் சோடிப் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. உயிருள்ள பல்லின் டென்ரின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி) சுமார் 3.5 வீதம் கூடுதலாகக் கடினமாக இருந்தது. முறியும் பாரம், வெடிப்பைத் தாங்கும் தன்மை ஆகியவற்றில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முன்னர் 1989இல் நடந்த இன்னொரு அளவீட்டின்படி, நரம்பை எடுக்க மேலே போடும் துவாரத்தால் மட்டும் முன்கடைவாய்ப்பல்லின் விறைப்பு 5 வீதம் குறைகிறது. கடிக்கும் பரப்பில் ஒரு குழி வெட்டினால் 20 வீதம். சூத்தை இரு பக்கச் சுவரையும் தின்று, முன்னும் பின்னும் திறந்த குழியாகிவிட்டால் 63 வீதம். ஆகவே பல்லைப் பலவீனப்படுத்துவதில் முதற் பழி சூத்தைக்கும், அளவுக்கு மீறி வெட்டும் துரப்பணத்துக்கும் உரியது. நரம்பு இல்லாமற் போனதற்கு அதில் பங்கு மிகச் சிறிது.

உண்மையான பாதி மருந்துகளைப் பற்றியது. வேருக்குள் ஊற்றிக் கழுவும் திரவமும், உள்ளே வைத்து மூடும் பசையும் கிருமியை மட்டும் தொடுவதில்லை, பல்லின் சுவரையும் தொடுகின்றன. எனாமலுக்கு உள்ளே பல்லின் பெரும்பகுதியாகவும், வேரில் கிட்டத்தட்ட முழுவதுமாகவும் இருப்பது டென்ரின். நிறைப்படி அதில் ஏறத்தாழ 70 வீதம் கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனியுப்பு, 20 வீதம் சேதனப் பொருள், மிச்சம் 10 வீதம் தண்ணீர். அந்தச் சேதனப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன் நார். கொங்கிறீற் தூணில் கம்பியும் சீமெந்தும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதுபோல் நாரும் உப்பும் சேர்ந்துதான் கடியைத் தாங்குகின்றன. நார் கரைந்து உப்பு மட்டும் மிஞ்சினால் டென்ரின் நொறுங்கும். உப்புக் கரைந்து நார் மட்டும் மிஞ்சினால் மெதுமையாகித் தேயும். இரண்டும் இருந்தும் அவற்றின் பிடி விட்டுப்போனால், எக்ஸ்றேயில் எதுவும் தெரியாது, ஒருநாள் பல் முறியும். இதில் டென்ரின் முழுவதும் நுண்குழாய்கள் வேறு. பற்கூழுக்கு (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் சதைக்கு) அருகே ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ 45,000 குழாய்கள் திறந்திருக்கின்றன. உள்ளே வைத்த மருந்து சுவருக்குள் போக அவ்வளவு வழி.

கழுவும் திரவங்களில் முதன்மையானது சோடியம் ஹைப்போகுளோறைற்று. முதலாம் உலகப்போரின்போது, 1915இல், ஹென்றி டேக்கின் 0.5 வீதக் கரைசலாகக் காயம் கழுவக் கொண்டுவந்த அதே பொருள்தான். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சின் மூலப்பொருளும் இதுவே. செத்த சதையைக் கரைப்பதில் இதற்கு நிகரானது எங்கள் கையில் வேறு இல்லை. வேரின் கிளைக் கால்வாய்களுக்குள் ஊசி போகாது, இது போகும். ஆனால் செத்த சதையைக் கரைப்பது டென்ரினின் கொலாஜனையும் கரைக்கும். 2001இல் டென்ரின் துண்டுகளை இரண்டு மணித்தியாலம் ஊறவைத்துப் பார்த்தபோது, 5.25 வீதக் கரைசல் அவற்றின் மீள்தன்மையையும் வளைவைத் தாங்கும் பலத்தையும் குறைத்தது, 0.5 வீதக் கரைசல் அப்படிச் செய்யவில்லை. வாய்க்குள் இருக்கும் பல்லில் திரவம் உட்பக்கச் சுவரை மட்டுமே தொடுகிறது, அதுவும் ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதி ஆழத்துக்குத்தான். எனவே பயந்து இதைக் கைவிடுவது மடமை. கைவிட்டால் கிருமி மிஞ்சும், பல் எப்படியும் போகும்.

வீரியத்தைக் கூட்டுவதைவிடப் புதிதாக அடிக்கடி மாற்றுவதே மேல் என்பது எங்கள் கருத்து. முதிர்ந்த பல்லுக்கு 2.5 முதல் 3 வீதம் வரையிலான கரைசல் போதும். வேரின் உட்சுவரைக் கோரும் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 1 முதல் 2 மில்லிலீற்றர் உள்ளே போக வேண்டும். பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசி வேண்டும். அதன் நுனி வேரின் அளந்த நீளத்துக்கு 2 மில்லிமீற்றர் முன்னரே நிற்க வேண்டும். விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும், ஊசி சுவரில் இறுகினால் உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். இறுகிய நிலையில் தள்ளினால் திரவம் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போய்விடும், முகம் நிமிடக் கணக்கில் வீங்கும். வேர் நுனி மூடாத சிறுவர் பல்லில் 1.5 வீதத்துக்கு மேல் தேவையில்லை. எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். யன்னலோரத்தில் வெள்ளைப் போத்தலில் நிற்கும் கரைசல் கிழமைக் கணக்கில் வீரியம் இழக்கும். அது வேலை செய்யவில்லை என்று இன்னும் கடுமையானதை வாங்கி ஊற்றுவது தீர்வல்ல. கபிலப் போத்தல், குளிரான இருட்டு இடம், திறந்த திகதி எழுதிய ஒரு துண்டு, இவ்வளவும் போதும்.

இரண்டாவது திரவம் 17 வீத ஈ.டி.ரி.ஏ. கோரும்போது சுவரில் அப்பிக்கொள்ளும் தூள்படையை எடுப்பது இதன் வேலை. கல்சியத்தைப் பிடித்து இழுக்கும் பொருள் என்பதால் அளவு மீறினால் பல்லின் கல்சியமும் போகும். 2002இல் காட்டப்பட்டது இது: 1 நிமிடம் விட்டால் தூள்படை போகிறது, 10 நிமிடம் விட்டால் நுண்குழாய்களின் வாய்கள் அரித்து ஒன்றோடொன்று சேர்கின்றன. இதற்குப் பிறகு திரும்பவும் ஹைப்போகுளோறைற்றை நெடுநேரம் ஊற்றினால் அரிப்பு இன்னும் ஆழமாகும். உப்பை ஒன்று எடுக்க, வெளித்தெரிந்த நாரை மற்றது தின்கிறது. ஆகவே கோரும்போது ஹைப்போகுளோறைற்று, முடிவில் ஈ.டி.ரி.ஏ. ஒரே நிமிடம், பிறகு உப்புத்தண்ணீர் ஊற்றிக் கழுவி முடிப்பது பல்லுக்கு இதமான ஒழுங்கு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியையும் பாவிப்பவர்கள் இடையில் உப்புத்தண்ணீரால் கழுவாமல் ஹைப்போகுளோறைற்றின் மேல் ஊற்றக் கூடாது. செம்மஞ்சளும் கபிலமும் கலந்த ஒரு படிவு உருவாகி நுண்குழாய்களை அடைத்து, பல்லின் நிறத்தையும் மாற்றிவிடும்.

இவை நிமிடக் கணக்கில் வேலை செய்துவிட்டுப் போகும் மருந்துகள். கவலை தருவது மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் மருந்து.

வேருக்குள் வைக்கும் வெள்ளைப் பசையின் பெயர் கல்சியம் ஹைட்றொக்சைட்டு. 1920இல் ஜேர்மனியில் ஹேர்மன் என்பவர் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். இரசாயனமாகப் பார்த்தால் வெற்றிலைக்குத் தடவும் நீறிய சுண்ணாம்பும் இதுதான். (அதற்காகக் கரண்டகத்தில் இருப்பதைத் தோண்டிப் பல்லுக்குள் வைத்துவிடாதீர்கள். அது தூய்மை செய்யப்பட்டதல்ல, கன்னமும் முரசும் வெந்துபோகும்.) தூய தூளைக் கண்ணாடித் தட்டில் உப்புத்தண்ணீரோடு குழைத்துக் கட்டியான கிறீம் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய சுருள் ஊசியால் வேர் நுனி வரை இறக்குவார்கள், அல்லது ஆயத்தமாக வரும் பசையைச் சிரிஞ்சால் செலுத்துவார்கள். மேலே சிறிய பஞ்சு, அதற்கு மேல் தற்காலிக அடைப்பு. சரியாக இறங்கியிருந்தால் எக்ஸ்றேயில் கால்வாய் மறைந்து, வேர் முழுவதும் ஒரே வெண்மையாகத் தெரியும். நடுவில் கறுப்பு இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் மருந்து இல்லை.

இதன் பலம் காரத்தன்மை. பீ.எச். அளவு ஏறத்தாழ 12.5. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தாங்க முடியாது. வேரை நன்றாகக் கோரிக் கழுவிய பின் 7 நாள் இதை வைத்தால், தப்பியிருந்த கிருமிகளும் பெரும்பாலும் அழிகின்றன என்று 1991இல் காட்டப்பட்டது. காரம் நுண்குழாய்கள் வழியே மெதுவாக வெளிப்பக்கம் நகர்கிறது. உட்சுவரில் மணிக்கணக்கில் தெரியும் மாற்றம், வேரின் வெளிச்சுவரை எட்ட 1 முதல் 7 நாள் எடுக்கும், அங்கே உச்சத்துக்கு வர 2 முதல் 3 கிழமை செல்லும். ஆகவே 1 முதல் 4 கிழமை வரை இந்த மருந்து தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு நன்மை கூடுவதில்லை. தீமை மட்டும் தொடர்கிறது.

கொலாஜன் நாரையும் கனியுப்பையும் ஒட்டி வைத்திருப்பவை அமிலத்தன்மையுள்ள சில புரதங்களும் சர்க்கரை சேர்ந்த புரதங்களும்தான். கடுங்காரம் நாளாக நாளாக இவற்றைச் சிதைக்கிறது. நார் இருக்கும், உப்பும் இருக்கும், இரண்டுக்கும் இடையிலான பிடி தளர்ந்துவிடும். 2002இல் அன்ட்றியாசென் குழுவினர், வேர் முற்றாத செம்மறியாட்டுப் பற்களில் இந்த மருந்தை வைத்து நாளுக்கு நாள் முறிவுப் பலத்தை அளந்தார்கள். கணக்குப்படி ஏறத்தாழ ஒரு வருடத்தில் அந்தப் பலம் பாதியாகிறது. பிடுங்கிய மனிதப் பற்களில் நடந்த ஆய்விலும் 30 நாள் வைத்த வேர்களைவிட 180 நாள் வைத்தவை குறைந்த பாரத்திலேயே முறிந்தன. மாட்டுப் பல், ஆட்டுப் பல், மனிதப் பல், வெட்டிய துண்டு, முழு வேர் என்று சோதித்த பொருள் மாறுவதால் எண்களும் மாறுகின்றன. சில ஆய்வுகள் 5 கிழமையிலேயே இறக்கத்தைக் காட்டின. நாள் கூடக்கூடப் பலம் குறைகிறது என்ற திசை மாறவில்லை. அதனால்தான் ஒரு மாதம் என்ற எல்லையில் நாங்கள் விடாப்பிடியாக நிற்கிறோம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் நாள் நரம்பை எடுத்து மருந்து வைத்ததும் வலி நிற்கிறது. வலி நின்றதும் வருகையும் நின்றுவிடுகிறது. ஈச்சிலம்பற்றில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ நகரத்துக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும். தம்பலகாமத்தில் அறுவடை, கடற்கரையில் மீன்படும் காலம் என்றால் பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறவர்கள், தற்காலிக அடைப்போடு போய் இரண்டு வருடம் கழித்து அதே அடைப்பின் மிச்சத்தோடு திரும்புகிறார்கள். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த திகதி ஏன் முக்கியம் என்று நாங்களும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்வது குறைவு.

தற்காலிக அடைப்பு 3.5 மில்லிமீற்றர் தடிப்பாவது இருந்தால்தான் எச்சிலைத் தடுக்கும், அதுவும் இரண்டு மூன்று கிழமைக்குத்தான். அதன் ஓரம் தேய்ந்ததும் எச்சில் இறங்கும், மருந்து கரையும், கிருமி திரும்ப வரும். கிருமி வந்துவிட்டது, சுவரோ மாதக்கணக்காகச் சுண்ணாம்பில் ஊறிப் பிடி தளர்ந்திருக்கிறது. நாக்கால் தடவினால் பள்ளம் தெரிகிறது, சாப்பிட்டதும் உள்ளே கெட்ட சுவை இறங்குகிறது என்றால் அடைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனிப் பிள்ளைகளின் பற்கள். மேல் நடு வெட்டும்பற்கள் 7, 8 வயதில் முளைக்கின்றன. ஆனால் அவற்றின் வேர் நுனி மூட ஏறத்தாழ 10 வயதாகும். இடைப்பட்ட காலத்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள், எல்லே அடிக்கிறார்கள், பாடசாலை மதிலில் ஏறுகிறார்கள். விழுந்து அடிபட்டுப் பற்கூழ் செத்துவிட்டால் வேரின் வளர்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எக்ஸ்றேயைப் பிடித்துப் பாருங்கள்: நடுவில் அகன்ற கறுப்புப் பாதை, இரு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடாகச் சுவர், கீழே மூடாத நுனி. முரசு மட்டத்தில், கடியின் பாரம் முழுவதும் வந்து விழும் கழுத்தில், அந்தச் சுவர் மிக மெலிந்திருக்கும்.

முன்பெல்லாம் இத்தகைய பல்லுக்கு 5 முதல் 20 மாதம் வரை கல்சியம் ஹைட்றொக்சைட்டை வைத்து, இடையிடையே மாற்றி, நுனியில் ஒரு தடுப்பு உருவாகும்வரை காத்திருந்தார்கள். நுனி மூடியது. பல் கழுத்தில் முறிந்தது. சுவீடனில் மியோமிர் ஸ்வேக் 1992இல் வெளியிட்ட கணக்கில், வேர் மிகக் குறைவாக வளர்ந்திருந்த பற்களில் 77 வீதமும், அநேகமாக வளர்ந்து முடிந்தவற்றில் 28 வீதமும் கழுத்தில் முறிந்திருந்தன. மெல்லிய சுவரும் நீண்டகால மருந்தும் இரண்டுமே இதில் குற்றவாளிகள். சுவரைத் தடிப்பாக்க எங்களால் முடியாது. மருந்தின் நாளைக் குறைக்க முடியும்.

இன்றைக்கு வழி இருக்கிறது. 1993இல் எழுத்தில் வந்த எம்.ரி.ஏ. என்ற சீமெந்து, ஈரத்திலும் இறுகக்கூடியது. வேரைக் கழுவி, கல்சியம் ஹைட்றொக்சைட்டை ஓரிரு கிழமை மட்டும் வைத்து எடுத்து, நுனியில் 4 முதல் 5 மில்லிமீற்றருக்கு எம்.ரி.ஏ.யை அமுக்கி, ஈரப் பஞ்சு வைத்து மூடி, அது இறுகியதும் மிச்ச வேரை நிரப்பிவிடலாம். எம்.ரி.ஏ.யும் காரப் பொருள்தானே என்று கேட்கலாம். அது இருப்பது நுனியில், பல் முறிவது கழுத்தில். கழுத்துப் பகுதியை எலும்பு மட்டத்துக்குக் கீழே வரை கொம்பொசிற் என்ற, பல்லோடு ஒட்டும் நிரப்பு பொருளால் நிரப்பினால் மெல்லிய சுவருக்கு உள்ளிருந்து ஒரு தாங்கல் கிடைக்கும். ஆனால் ஹைப்போகுளோறைற்று ஊற்றிய டென்ரினில் கொம்பொசிற்று நன்றாக ஒட்டாது. 10 வீதச் சோடியம் அஸ்கோர்பேற்றால் கழுவினால் ஒட்டும் பலம் திரும்பும்.

இதைவிட நல்ல வழி, வேர்ச் சிகிச்சைக்கே போகாமல் தப்புவது. பல்லின் துண்டு உடைந்து நடுவில் சிவப்புப் புள்ளி தெரிகிறது, ஆனால் பற்கூழ் உயிரோடு இருக்கிறது என்றால், மேலிருந்து 2 மில்லிமீற்றர் பற்கூழை மட்டும் வெட்டி எடுத்து, இரத்தம் நின்றதும் மருந்து வைத்து மூடிவிடலாம். மிச்சப் பற்கூழ் பிழைக்கும், வேர் தொடர்ந்து வளரும், சுவர் தடிக்கும். இதையும் 1978இல் எழுதியவர் அதே ஸ்வேக்தான். உடைந்து ஓரிரு நாள் சென்றாலும் பலன் உண்டு. "பால் பல் விழுந்த இடத்தில முளைச்ச பல்தானே, பிறகு பாப்பம்" என்று பெற்றோர் தவணை சொல்லாமல், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ அன்றைக்கே காட்ட வேண்டும். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோங்கள், ஒட்டக்கூடியதாக இருக்கும். பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, மெல்லக் கழுவி, இருந்த குழியிலேயே செருகுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அப்படித் திரும்ப வைத்த முதிர்ந்த பல்லுக்கு இரண்டு கிழமைக்குள் நரம்புச் சிகிச்சை தொடங்க வேண்டும். கல்சியம் ஹைட்றொக்சைட்டை ஒரு மாதம் வரையே வைக்கலாம் என்று 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது.

நுண்ணுயிர்க்கொல்லிப் பசையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மெற்றோனிடசோல், சிப்ரோபுளொக்சசின், மினோசைக்கிளின் மூன்றும் சேர்ந்த கலவையின் ஆற்றலை 1996இல் ஜப்பானில் ஹோஷினோ குழுவினர் காட்டினார்கள். கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரப் பசைதான். ஆனால் அது அமிலத்தன்மை உடையது, போதாக்குறைக்கு மினோசைக்கிளின் கல்சியத்தைப் பிடிக்கும். கட்டியாகக் குழைத்து மாதக்கணக்கில் விட்டால் டென்ரினின் உட்சுவர் கனியுப்பை இழந்து மெதுமையாகிறது, பல்லும் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. குளிசையை நுணுக்கி, அளக்காமல் கண் மதிப்பில் குழைக்கும் பசையில் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1 கிராம் மருந்து இருக்கும். அமெரிக்க வேர்ச் சிகிச்சை நிபுணர் சங்கம் பரிந்துரைப்பதோ 1 முதல் 5 மில்லிகிராம் வரைதான். அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அவ்வளவு ஐதான கலவை தண்ணீராகவே ஓடும், மெதைல் செலுலோசு போன்ற ஒரு ஜெல்லில் கலந்தால்தான் வேருக்குள் நிற்கும். தராசும் ஜெல்லும் இல்லாத இடத்தில் இந்தப் பசையைத் தொடாமல் விடுவதே உத்தமம். மினோசைக்கிளினை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கலந்தால் நிறம் மாறும் தொல்லை குறையும். ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கம் 2016இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வேர் முற்றாத பல்லுக்கு உயிரூட்டும் சிகிச்சைக்கும் கல்சியம் ஹைட்றொக்சைட்டையே சொன்னது. ஆர்செனிக் வைத்து நரம்பைச் சாகடிக்கும் பழைய வழக்கத்தைப் பற்றி எழுதவே தேவையில்லை. கசிந்தால் முரசும் எலும்பும் சேர்ந்து சாகும்.

மருந்தை எடுத்து வேரை நிரப்பிய பிறகும் வேலை முடியவில்லை. கடைவாய்ப்பல்லுக்கு மேலே கப் (பல்லை மூடும் உறை) போட வேண்டும். 2002இல் வந்த ஒரு கணக்கில், வேர்ச் சிகிச்சைக்குப் பிறகு கப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. கப்பின் விளிம்பு, முரசுக்கு மேலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு நல்ல பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வெறும் நிரப்பலின் மேல் நிற்கும் கப் கழன்றுவிடும். கப்புக்கு இப்போது வசதியில்லை என்றால், கடிக்கும் முனைகளை 2 முதல் 3 மில்லிமீற்றர் தாழ்த்தி, அவற்றையும் மூடி நிரப்பும்படி கேளுங்கள். குழியை மட்டும் நிரப்பி முனைகளை அப்படியே விட்டால், ஒடியலோ பாக்கோ நண்டுக்கோதோ கடிக்கும் ஒரு நாளில் பல் நெடுக்காகப் பிளக்கும். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால், ஒற்றை வேர்ப் பல்லுக்குப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆசிரியர் அவர்களே, இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. அரச வைத்தியசாலை என்றாலும் தனியார் கிளினிக் என்றாலும், வேருக்குள் மருந்து வைத்த அன்றே நோயாளியின் கிளினிக் கொப்பியில் மூன்று வரி எழுதிக் கொடுக்கட்டும்: எந்தப் பல்லுக்கு என்ன மருந்து, வைத்த திகதி, எடுக்க வேண்டிய கடைசித் திகதி. நோயாளி வேறு ஊருக்குப் போனாலும் அந்த மூன்று வரியைப் பார்க்கும் எந்தப் பல் வைத்தியருக்கும் விசயம் விளங்கும். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. தூரத்தில் இருந்து வருபவர்களும், வெளிநாடு போக நாள் குறித்தவர்களும் அதை முதல் வருகையிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். சீழ் வடிந்துகொண்டிருக்காத, நன்றாக உலர்த்தக்கூடிய பல பற்களில் ஒரே அமர்வில் சிகிச்சையை முடித்து வேரை நிரப்பிவிடலாம். பல அமர்வுகளில் செய்வதைவிட அதன் வெற்றி குறைவு என்று ஆய்வுகள் காட்டவில்லை. இடையில் மருந்தே இல்லை என்றால் அதை மறந்துவிடும் பிரச்சினையும் இல்லை.

ஏற்கெனவே மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், மருந்தோடு இருப்பவர்கள் பல் போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். அந்தப் பக்கத்தால் கடினமானதைக் கடிக்காமல், கிடைக்கும் முதல் திகதியில் போய் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள். வேரில் வெடிப்போ கரைவோ இல்லையென்றால் பழைய மருந்தை முழுவதும் அகற்ற வேண்டும். உப்புத்தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது போகாது, சுவரில் ஒட்டிய மிச்சம் பிறகு நிரப்பலையும் ஒட்டவிடாது. ஈ.டி.ரி.ஏ.யும் அதிர்வு ஊசியும் சேர்ந்தால் பெரும்பகுதி வரும். பிறகு திரும்பவும் மாதக்கணக்கில் மருந்து வைக்காமல் வேரை நிரப்பி, மேலே மூடிவிட வேண்டும். இழந்த பிடி திரும்பாது. ஆனால் முனைகளை மூடிய பல், பாரம் பரவி விழுவதால் இன்னும் பல வருடம் கடிக்க உதவும்.

இப்படிக்கு,
பல் வைத்தியத் துறையில் பணியாற்றும் சிலர்,
திருகோணமலை.